கிஸ்ஸிங் பக் பிடிச்சு அனுப்பினோம்: டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி சர்வீஸ் பத்தி எங்க அனுபவம்

டெக்சாஸ்ல ஊருக்கு வெளிய வீடு வாங்கியிருக்கவங்க, வாங்கப் போறவங்க, அப்புறம் ஆஸ்டின், டல்லாஸ் பக்கம் இருந்து லாங் வீக்கெண்டுக்கு ஹில் கன்ட்ரில கேபின் புக் பண்ணி குழந்தை குட்டியோட போய் தங்குறவங்க எல்லாரும் தயவு செஞ்சு இதைப் படிங்க. கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், ஏன்னா எங்களுக்கு இது தெரியாம போனதால எங்க நாய் கருப்பனுக்கு வாழ்நாள் முழுக்க இருக்குற ஒரு நோய் வந்துடுச்சு, அதை சுருக்கமா சொல்ல எனக்கு மனசு வரல.

ரிவ்யூ எதுக்குன்னா, காலேஜ் ஸ்டேஷன்ங்கிற ஊர்ல இருக்குற டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி நடத்துற கிஸ்ஸிங் பக் ப்ரோக்ராமுக்கு. கிஸ்ஸிங் பக்னா ராத்திரில ரத்தம் குடிக்கிற ஒரு பூச்சி, சாகாஸ்னு ஒரு நோயைப் பரப்புறது. 2013-ல இருந்து நடத்துறாங்க, சாரா ஹேமர்னு ஒரு வெட்னரி ப்ரொஃபசரோட டீம். நம்ம வீட்ல சந்தேகப்படுற மாதிரி ஒரு பூச்சி பாத்தா போட்டோ எடுத்து அனுப்பலாம், அது கிஸ்ஸிங் பக்கா இல்லையான்னு சொல்லுவாங்க, ஆமான்னா பூச்சியையே தபால்ல அனுப்பச் சொல்லி அதுக்குள்ள சாகாஸ் நோய் கிருமி இருக்கான்னு டெஸ்ட் பண்ணுவாங்க. எங்ககிட்ட ஒரு பைசா வாங்கல. அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்குறேன், ஆனா இது என்ன செய்யும் என்ன செய்யாதுன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க, அதையும் சொல்றேன்.

எங்க வீடு சான் அன்டோனியோல இருந்து வடமேற்கே ஒரு மணி நேரம். அஞ்சு ஏக்கர், சுத்தி ஓக் மரம், சீடர், சுண்ணாம்புப் பாறை, நடுநடுவுல புதர் புதரா சப்பாத்திக்கள்ளி. நம்ம ஊர் கம்மாக்கரைல நிக்குமே அதே கள்ளிதான், அதைப் பாத்துட்டுத்தான் ஊர் ஞாபகம் வந்து இந்த இடத்தையே வாங்கினேன்னு கூட சொல்லலாம். அந்தக் கள்ளிப் புதருக்கு அடில குச்சி, சாணி வறட்டி, கள்ளி மட்டை எல்லாம் குமிச்சு வச்சு பேக் ரேட்னு ஒரு காட்டு எலி கூடு கட்டும், அந்தக் கூட்டுக்குள்ளதான் இந்தப் பூச்சி குடும்பத்தோட குடியிருக்கும்னு எல்லாம் அப்ப எனக்குத் தெரியாது.

2023 ஜூன்ல அம்மா சங்கரன்கோவில்ல இருந்து வந்திருந்தாங்க. ராத்திரி பதினோரு மணி இருக்கும், கெஸ்ட் ரூம்ல இருந்து கூப்பிடுறாங்க, "ஏய்யா, இங்க வந்து பாரு, சொவர்ல என்னமோ ஒக்காந்திருக்கு, மூட்டைப்பூச்சிக்கு தாத்தா மாதிரில்லா இருக்கு"ன்னு. போய்ப் பாத்தா கட்டிலுக்கு மேல சொவர்ல ஒரு இன்ச்சுக்கு மேல நீளமா, கறுப்பா, தட்டையா, வயித்து ஓரத்துல மட்டும் ஆரஞ்சு கலர்ல கோடு கோடா, தலை கூம்பு மாதிரி நீண்டு ஒண்ணு இருந்துச்சு. அம்மா சொன்னது ஒண்ணும் தப்பில்ல, மூட்டைப்பூச்சியும் இதுவும் ஒரே வரிசையைச் சேந்ததுதான், ரெண்டும் ராத்திரில ரத்தம் குடிக்கிறதுதான். நான் போய் எதையாவது எடுத்துட்டு வர்றதுக்குள்ள அம்மா விளக்குமாறால ஒரு அடி அடிச்சு நசுக்கிட்டாங்க, நான் டிஷ்யூவால துடைச்சு குப்பைல போட்டுட்டேன். இந்த இடத்துலதான் நாங்க பண்ண முதல் தப்பு, ஏன் தப்புன்னு பின்னால வர்றேன்.

அடுத்த நாள் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் கம்பெனியைக் கூப்பிட்டோம், பேர் வேண்டாம். நான் சொன்ன அடையாளத்தை வச்சு, இது செடியில இருக்குற பூச்சி, ஆபத்தில்லன்னு சொல்லிட்டு வீட்டைச் சுத்தி ஒரு ஸ்ப்ரே அடிச்சாங்க, 240 டாலர். பூச்சியைப் பாக்காமலே சொன்னாங்க, நானும் கேள்வி கேக்காம காசு குடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு பின்னாடி டெக்ல, அதாவது வீட்டை ஒட்டி பலகை போட்ட திண்ணைல, கருப்பன் படுக்குற மெத்தைக்கு அடில ரெண்டு உயிரோட. மெத்தையைத் தூக்கினதும் வெளிச்சத்துல இருந்து தப்பிச்சு பலகை இடுக்குக்குள்ள ஓடுது. கருப்பன் அதுல ஒண்ணை லபக்னு வாயில போட்டு மென்னுட்டான். நாய்னா ஈ, வெட்டுக்கிளி எல்லாம் பிடிச்சுத் திங்கத்தானே செய்யும்னு நான் சும்மா பாத்துட்டு நின்னேன்.

அன்னைக்கு சாயங்காலம் வேலி தாண்டி இருக்குற பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட எதேச்சையா சொன்னேன். அவர் குவாத்தமாலாக்காரர், அறுபது வயசுக்கு மேல, எப்பவும் சிரிச்ச முகமா இருப்பார். நான் சொல்ல சொல்ல அவர் முகம் மாறிடுச்சு. "சின்ச்சே பிகூடா"ன்னார். அவங்க ஊர்ல அதுக்கு அதுதான் பேர், மூக்கு நீண்ட மூட்டைப்பூச்சின்னு அர்த்தமாம். அவர் சின்ன வயசுல இருந்த மண்சுவர் வீட்ல ராத்திரி விளக்கை அணைச்சதும் சொவர் விரிசல்ல இருந்து இறங்கி வருமாம். அவங்க அப்பா அம்பது வயசுல வயல்ல வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்து செத்துட்டாராம், அந்தப் பூச்சியாலதான்னு பல வருஷம் கழிச்சுத்தான் குடும்பத்துக்குப் புரிஞ்சுதாம். "டப்பால பிடி, கையால தொடாத, யுனிவர்சிட்டிக்கு அனுப்பு"ன்னு சொன்னது அவர்தான்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன், தூக்கமே வரல.

சாகாஸ் நோய்ங்கிறது ட்ரிப்பனோசோமா குரூசின்னு ஒரு ஒட்டுண்ணியால வர்றது. 1909-ல பிரேசில்ல மினாஸ் ஜெரைஸ் மாநிலத்துல லசான்ஸ்னு ஒரு ஊர், ரயில் பாதை போடுற இடத்துல மலேரியா பாக்கப் போன கார்லோஸ் சாகாஸ்ங்கிற டாக்டர் கண்டுபிடிச்சது. சாதாரணமா நோயைப் பாத்துட்டுத்தான் கிருமியைத் தேடுவாங்க, இவர் முதல்ல பூச்சி வயித்துக்குள்ள கிருமியைப் பாத்துட்டு அப்புறம்தான் அது எந்த மனுஷனுக்கு வந்திருக்குன்னு தேடிப் போயிருக்கார், பெரனிஸ்னு ரெண்டு வயசுப் பொண்ணு ரத்தத்துல கண்டுபிடிச்சார். இன்னைக்கு உலகத்துல எழுபது லட்சம் பேருக்கு மேல இந்த நோய் இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அமெரிக்காவுல மட்டும் சுமார் 2,80,000 பேர்னு ஒரு கணக்கு. அதுல பெரும்பாலானவங்க லத்தீன் அமெரிக்காவுல கிராமத்துல பொறந்து வளந்து அங்கேயே நோய் தொத்தினவங்க, பலருக்கு தனக்கு இருக்குன்னே தெரியாது. எங்க பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வீடு கட்டுற வேலை, தோட்ட வேலை, ஹோட்டல் வேலைன்னு நம்ம கண்ணு முன்னாடி தினம் உழைக்கிறவங்க.

ரொம்பப் பேர் தப்பா நினைக்கிறது, கொசு மாதிரி கடிச்சா நோய் வந்துடும்னு. அப்படி இல்ல. கடிக்கிற வாயில கிருமி கிடையாது, அது போடுற எச்சத்துலதான் இருக்கு. தூங்குறவங்க முகத்துல, கண்ணு பக்கம் வாய் பக்கம் வந்து ரத்தம் குடிக்கும், அதனாலதான் முத்தம் குடுக்குற பூச்சின்னு பேர். குடிச்சு வயிறு நெறஞ்சதும் அங்கேயே எச்சம் போடும், நாம தூக்கத்துல சொறிஞ்சு அதை கடிவாய்லயோ கண்ணுலயோ தேச்சுடுவோம், அப்படித்தான் உள்ள போகுது. நம்ம டெக்சாஸ் ஜாதிப் பூச்சிங்க பல நேரம் குடிச்சு முடிச்சு நகந்து போனதுக்கு அப்புறம்தான் எச்சம் போடுதாம், அதனால இங்க மனுஷங்களுக்குத் தொத்துறது தென் அமெரிக்கா அளவுக்கு இல்ல. இதைப் படிச்சப்பதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது, டெக்சாஸ்லயே இருந்து டெக்சாஸ்லயே தொத்தின ஆளுங்க இருக்காங்க, 2013-ல இருந்து டாக்டர்கள் சாகாஸ் கேஸ் பாத்தா கவர்ன்மென்டுக்கு கட்டாயம் சொல்லணும்னு இங்க விதியே இருக்கு.

நாய்க்கு மட்டும் கதையே வேற. நாய் பூச்சியையே கடிச்சுத் தின்னுடும், அப்ப வயித்துக்குள்ள இருக்குற கிருமி மொத்தமா உள்ள போகுது. நான் சும்மா பாத்துட்டு நின்னேன்னு சொன்னேனே, அது இதான். இதுக்கு நாய்க்குத் தடுப்பூசியும் கிடையாது.

சரி சர்வீஸுக்கு வர்றேன். டெக்ல தப்பிச்ச இன்னொண்ணு மூணு நாள் கழிச்சு போர்ச் லைட்டுக்கு அடில சொவர்ல மறுபடி கிடைச்சுது, அதேதானான்னு தெரியல, பாக்க அதே மாதிரி. என் மனைவி ஒரு ஜிப் கவரை உள்பக்கமா திருப்பி கைல கிளவுஸ் மாதிரி மாட்டி அப்படியே பிடிச்சு கவரைத் திருப்பி மூடினா, அப்புறம் ஒரு சின்ன மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால போட்டு ஃப்ரீசர்ல வச்சோம். அது இருந்த இடத்தை ப்ளீச் கலந்த தண்ணியால துடைச்சோம். மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, பக்கத்துல ஒரு க்வார்ட்டர் காசு வச்சு அளவுக்கு ஒண்ணுன்னு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

ரெண்டு நாள்ல பதில். ஏதோ மெஷின் அனுப்புற பதில் இல்ல, ஒரு ஆள் உக்காந்து பாத்து எழுதினது. ஆமா இது கிஸ்ஸிங் பக்தான், ட்ரையட்டோமா கெர்ஸ்டேக்கெரிங்கிற ஜாதி, டெக்சாஸ்ல அதிகமா கிடைக்கிறது இதுதான்னு சொல்லிட்டு, எந்தத் தேதி, எத்தனை மணி, வீட்டுக்குள்ளயா வெளியவா, உயிரோட இருந்துச்சா, பக்கத்துல லைட் எரிஞ்சுதா, நாய் இருக்கான்னு விவரம் கேட்டாங்க. பூச்சியை எப்படி பேக் பண்றதுன்னும் சொன்னாங்க. நசுங்காம கெட்டி டப்பாக்குள்ள வச்சு பஞ்சு கவர்ல போட்டு போஸ்ட் ஆபீஸ்ல அனுப்பினேன், தபால் செலவு மட்டும் நம்மளது.

எனக்கு இதுல பிடிச்சதே அவங்க பேசுற விதம். பயமுறுத்தவும் இல்ல, ஒண்ணுமில்லன்னு தட்டிக் கழிக்கவும் இல்ல. உங்க வீட்ல பெரிய பூச்சிங்க மட்டும்தான் கிடைக்குதா, இறக்கை இல்லாத குட்டிங்களும் கிடைக்குதான்னு ஒரு கேள்வி கேட்டாங்க, அந்த ஒரு கேள்வி 240 டாலர் ஸ்ப்ரேயை விட எனக்கு உபயோகமா இருந்துச்சு. ஏன்னா இந்தப் பூச்சி முட்டைல இருந்து வந்து அஞ்சு தடவை தோல் உரிச்சுத்தான் பெருசாகும், பெருசானாத்தான் இறக்கை. பெருசு மட்டும் கிடைச்சா அது ராத்திரி வெளிச்சத்தைப் பாத்து காட்டுல இருந்து பறந்து வந்ததுன்னு அர்த்தம், குட்டி கிடைச்சா பக்கத்துலயே எங்கேயோ குடும்பம் நடத்துதுன்னு அர்த்தம். நாங்க டார்ச் அடிச்சு தேடினோம், வீட்டுக்குள்ள ஒரு குட்டி கூட இல்ல, ஆனா கருப்பன் மெத்தைக்கு அடில, டெக் பலகை சந்துல மூணு குட்டி கிடைச்சுது. அவன் தூங்குற இடத்துக்கு அடிலயே உக்காந்து அவன் ரத்தத்தைக் குடிச்சு வளந்திருக்குங்க. அதைப் பாத்தப்ப எனக்கு வந்த கோவத்தையும் அழுகையையும் எழுத முடியாது.

என் மனைவி அதுக்கு அப்புறம் எந்தப் பூச்சியைப் பாத்தாலும் போட்டோ எடுக்க ஆரம்பிச்சுட்டா. தக்காளிச் செடில ஒண்ணு பாத்து பதறி அனுப்பினா, பதில் வந்துச்சு, இது லீஃப் ஃபுட்டட் பக், பின்னங்கால் இலை மாதிரி அகலமா இருக்கு பாருங்க, செடிச் சாறு குடிக்கிறது, உங்களை ஒண்ணும் பண்ணாதுன்னு. அடுத்து முதுகுல பாதி பல்சக்கரம் நட்டு வச்ச மாதிரி ஒண்ணு, அது வீல் பக், மத்த பூச்சிகளைத் தின்னுறது, ஆனா கையில எடுத்தா பயங்கரமா கடிக்கும், தொடாதீங்கன்னு பதில். ரெண்டு தடவை தப்பா அனுப்பியும் மூணாவது தடவையும் அதே பொறுமை. அவங்க பதில்ல இருந்து நாங்க கத்துக்கிட்ட வித்தை ஒண்ணு இருக்கு, மூக்கைப் பாக்கணும். கிஸ்ஸிங் பக்குக்கு மூக்கு ஒல்லியா நேரா தலைக்கு அடில மடங்கி இருக்கும், வீல் பக்குக்கு தடியா வளைஞ்சு இருக்கும், செடிப் பூச்சிக்கு ஒல்லியா ரொம்ப நீளமா காலுக்கு நடுவுல தாண்டிப் போகும். நல்ல பூச்சியைக் கொல்லாம விடறதுக்கும் இது தெரிஞ்சிருக்கணும், வீல் பக் நம்ம தோட்டத்துக்கு நல்லதுதானே செய்யுது.

குறைன்னு சொன்னா டெஸ்ட் ரிசல்ட் வர நேரம் எடுக்கும். எங்களுக்கு ஆறு மாசத்துக்கு மேல ஆச்சு. இது ஆராய்ச்சிக்காக நடத்துறது, ஹாஸ்பிடல் லேப் இல்லன்னு முன்னாடியே சொல்லிடுறாங்க, அதனால இதை நான் குத்தமா சொல்லல, எதிர்பார்ப்பு சரியா இருக்கணும்னு சொல்றேன். அதே மாதிரி பூச்சியைத்தான் டெஸ்ட் பண்ணுவாங்க, உங்களை இல்ல. மனுஷனைக் கடிச்சிருக்கு, வயித்துல ரத்தத்தோட படுக்கைல கிடைச்சுதுன்னா ஸ்டேட் ஹெல்த் டிபார்ட்மென்ட் பக்கம் போகச் சொல்றாங்க, டாக்டரையும் பாக்கச் சொல்றாங்க. வீட்டுக்கு வந்து பாக்கிறது, மருந்து அடிக்கிறது எல்லாம் கிடையாது. எனக்கு எல்லாமே ஈமெயில்லதான் நடந்துச்சு. தகவல் எல்லாம் இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் இருக்கு, அந்த ஸ்பானிஷ் பக்கத்தை பக்கத்து வீட்டுக்காரருக்கு ப்ரின்ட் எடுத்துக் குடுத்தேன், அவர் படிச்சுட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார்.

ரிசல்ட் பாசிட்டிவ். டெக்சாஸ்ல இருந்து அவங்களுக்கு வர்ற பூச்சிகள்ல பாதிக்கு மேல பாசிட்டிவாத்தான் இருக்குன்னு படிச்சிருந்தேன், அதனால அதிர்ச்சி இல்ல.

ஆனா நாங்க அதுவரைக்கும் காத்திருக்கல, அதை ரொம்ப முக்கியமா சொல்றேன். போட்டோ பதில் வந்த வாரமே கருப்பனை நாய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். முதல்ல போன இடத்துல இந்தப் பக்கம் எல்லாம் அது கிடையாது, அது மெக்சிகோல இருக்குறதுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம், அவங்க உடனே ரத்தம் எடுத்து டெக்சாஸ் ஏ அண்ட் எம்மோட வெட்னரி டயக்னாஸ்டிக் லேபுக்கு அனுப்பினாங்க, அது இந்த ப்ரோக்ராம் இல்லாம தனி, காசு கட்டணும். ஆன்டிபாடி, அதாவது அந்தக் கிருமியை எதிர்த்து ரத்தத்துல உருவாகுறது, பாசிட்டிவ். அவனுக்கு நாலு வயசுதான். ஈசிஜி, எக்கோ எடுத்தாங்க, ஹார்ட் இப்ப வரைக்கும் நல்லா இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும். இங்க நாய்க்குன்னு அனுமதி வாங்கின மருந்து இதுக்குக் கிடையாது. கருப்பன்கிட்ட இருந்து நக்கினாலோ கடிச்சாலோ எங்களுக்குத் தொத்தாது, அதனால அவனை ஒதுக்காதீங்க, வீட்டை விட்டு அனுப்பிடாதீங்க, சிலர் அப்படிப் பண்றதாக் கேள்விப்பட்டேன், மனசு வலிச்சுது.

அம்மா விஷயத்துல எனக்கு ரொம்ப பயம், ஏன்னா அவங்க படுத்த ரூம், அவங்க நசுக்கின பூச்சி. நசுக்கும்போது வயித்துல இருக்குறது தெறிக்கும், அது கைல பட்டு கைல இருந்து கண்ணுக்கோ வாய்க்கோ போனா போச்சு, அதனாலதான் அடிக்காதீங்கன்னு சொல்றேன். எங்க ஃபேமிலி டாக்டர் ஒத்துக்கிட்டாங்க, படிச்ச காலத்துல ஒரு பக்கம் படிச்சதோட சரின்னு, ஆனா உக்காந்து தேடிப் பாத்து எழுதிக் குடுத்தாங்க. இதுக்கு ஒரே ஒரு டெஸ்ட் பத்தாது, ரெண்டு வேற வேற முறைல ஆன்டிபாடி பாக்கணும், அதுவும் தொத்தி சில வாரம் ஆனாத்தான் தெரியும், அதனால அம்மா ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை மறுபடி எடுத்தோம். அம்மா, மனைவி, நான் மூணு பேருக்கும் நெகட்டிவ். அம்மா ரிசல்ட் கேட்டுட்டு "எனக்கு ஒண்ணுமில்லய்யா, அந்த வாயில்லா ஜீவனுக்குப் பாரு"ன்னுட்டாங்க.

மனுஷங்களுக்கு மருந்து இருக்கு. பென்ஸ்னிடசோல், நைஃபர்டிமாக்ஸ்னு ரெண்டு. பென்ஸ்னிடசோலுக்கு அமெரிக்காவுல 2017-லதான் அனுமதியே குடுத்தாங்க, அதுவும் 2 வயசுல இருந்து 12 வயசு வரை உள்ள பிள்ளைங்களுக்கு. நோயைக் கண்டுபிடிச்சது 1909, பாத்துக்கோங்க எத்தனை வருஷம்னு. ஏழைங்க நோய், மண்வீட்டுக்காரங்க நோய்னு விட்டுட்டாங்க, இதை நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்திரம் வருது. ஆரம்பத்துலயே பிடிச்சா மருந்து நல்லா வேலை செய்யும், முத்தின பிறகு பலன் குறைவு. தொத்தினவங்கள்ல நூத்துக்கு இருபது முப்பது பேருக்கு பத்து இருபது வருஷம் கழிச்சு ஹார்ட்லயோ குடல்லயோ பிரச்சனை வரும், மத்தவங்க எதுவும் தெரியாமலே வாழ்ந்துடுவாங்க. இன்னொரு விஷயம், இங்க 2007-ல இருந்து ரத்ததானம் பண்றவங்களுக்கு இந்த டெஸ்ட் பண்றாங்க, நிறையப் பேருக்கு தனக்கு இருக்குன்னு முதல் முதல்ல தெரியறதே ரத்தம் குடுத்துட்டு வந்த பிறகு ஒரு லெட்டர் வரும்போதுதான்.

நம்ம ஊர்ல இந்தப் பூச்சி இருக்கான்னு அம்மா கேட்டாங்க. இருக்கு. ட்ரையட்டோமா ரூப்ரோஃபேசியாட்டான்னு ஒரு ஜாதி உலகம் முழுக்க வெயில் ஊர்கள்ல எலி இருக்குற இடத்துல எல்லாம் இருக்கு, இந்தியாவுலயும் இருக்கு, அது போக இந்தியாவுல மட்டுமே இருக்குற லின்ஷ்கோஸ்டியஸ்னு ஒரு தனி இனமும் இருக்கு. ஆனா சாகாஸ் கிருமி அங்க இல்ல, அதனால பயப்பட ஒண்ணும் இல்ல, கடிச்சா சிலருக்கு அலர்ஜி வரலாம் அவ்வளவுதான். இதை எதுக்குச் சொல்றேன்னா நம்ம ஆளுங்க ஊர்ல பாத்த பூச்சிதானேன்னு இங்கயும் அசால்ட்டா இருந்துடுவாங்க.

இப்ப வீட்ல என்ன பண்ணோம்னு சொல்றேன், ஏன்னா பூச்சியை அனுப்புறதோட வேலை முடியல. முதல்ல ஸ்ப்ரே. தென் அமெரிக்காவுல பூச்சி வீட்டுச் சொவர்லயே குடியிருக்கு, அங்க சொவர்ல மருந்து அடிச்சா மொத்தமா ஒழியும், அப்படித்தான் உருகுவே, சிலி, பிரேசில்ல எல்லாம் வின்சுக்கான்னு சொல்ற முக்கியமான ஜாதியால பரவுறதை நிறுத்தினாங்க. நம்ம இடத்துல அது காட்டுல இருந்து வருது, காட்டுக்கு எவ்வளவு மருந்து அடிப்பீங்க. அதனால நான் காசு போட்டது ஓட்டையை அடைக்கிறதுலதான். கதவுக்கு அடில ஒட்டுற ரப்பர் பட்டை, டோர் ஸ்வீப்னு சொல்லுவாங்க, நாலு கதவுக்கும் போட்டேன், பின் கதவுக்கு அடில ஒரு விரல் போற சந்து இருந்துச்சு, பெட்ரூமுக்கு நேரா வழி விட்டு வச்சிருந்திருக்கோம். ஜன்னல் ஓரம், ஏசி பைப் உள்ள வர்ற இடம், பாறைக்கல் சொவர் விரிசல் எல்லாத்துக்கும் கால்க், அதாவது சந்தை அடைக்கிற பசை. கிழிஞ்ச ஜன்னல் வலை மாத்தினேன். எல்லாம் சேத்து 180 டாலர், மூணு சனிக்கிழமை.

போர்ச்ல இருந்த வெள்ளை எல்ஈடியை எடுத்துட்டு மஞ்சள் பல்பு போட்டோம், அதையும் தேவையில்லாட்டி அணைச்சுடுறோம். இது உண்மையாவே வித்தியாசம் தெரிஞ்சுது, லைட்டைச் சுத்தி மொய்க்கிற பூச்சியே குறைஞ்சுடுச்சு. வீட்டுச் சொவரை ஒட்டி அடுக்கி வச்சிருந்த விறகு, கல்லு எல்லாத்தையும் தூர நகத்தினோம், வீட்டுக்குப் பக்கத்துல இருந்த எலிக் கூட்டை கிளவுஸ் மாஸ்க் போட்டுக்கிட்டு எடுத்தோம், அதுக்கு ஆள் வச்சுக்கிறது நல்லது. கள்ளிப் புதரை வெட்ட எனக்கு மனசு வரல, வீட்டுக்கு இருபது அடிக்குள்ள இருந்ததை மட்டும் எடுத்தேன், பாக்கி நிக்குது. கருப்பன் இப்ப ராத்திரி வீட்டுக்குள்ள எங்க ரூம்லதான் படுக்குறான்.

கால்க் அடிச்சுக்கிட்டு இருந்தப்ப பக்கத்து வீட்டுக்காரர் வந்து கூட நின்னு உதவி பண்ணார். குவாத்தமாலால ஹுத்தியாப்பா பக்கம் இதையேதான் பண்ணாங்களாம், யுனிவர்சிட்டி ஆளுங்க வந்து அந்த ஊர் மண்ணு, சுண்ணாம்பு எல்லாம் வச்சே சொவர் விரிசலைப் பூசி மெழுக ஜனங்களுக்குக் கத்துக் குடுத்திருக்காங்க, தரையைக் கெட்டியாக்கி, கோழியை வீட்டுக்குள்ள அடைக்காம வெளிய கூண்டு கட்டி விடச் சொல்லியிருக்காங்க. பூச்சி ஒளிய இடம் இல்லாமப் போச்சு. நம்ம பாட்டிங்க வாரம் ஒரு தடவை சொவரு திண்ணை எல்லாம் சாணியும் மண்ணும் போட்டு மெழுகுவாங்களே, அது எனக்கு ஞாபகம் வந்துச்சு, அவர்கிட்ட சொன்னேன், அவங்க பாட்டியும் அப்படித்தான்னார். அவரும் இப்ப டெஸ்ட் எடுத்திருக்கார், ரிசல்ட் அவரோட விஷயம், நான் எழுத மாட்டேன்.

கேபின் எடுத்துத் தங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் இதுங்க நடமாட்டம் அதிகம். போன உடனே கட்டிலை சொவர்ல இருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்க, மெத்தை ஓரம், தலைகாணிக்கு அடில ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பாருங்க, போர்வை தரையைத் தொடாம பாத்துக்கோங்க, வெளிய லைட்டைப் போட்டுட்டுக் கதவைத் திறந்து வைக்காதீங்க. குழந்தைங்க டென்ட்ல தூங்கணும்னு அடம் பிடிச்சா ஜிப்பு முழுசா மூடுற டென்ட்டா இருக்கட்டும். ஒரு பூச்சியைப் பாத்துட்டா ட்ரிப்பையே கேன்சல் பண்ண வேண்டியதில்ல, ஒரு பூச்சியைப் பாத்ததாலயே நோய் வந்துடாது. டப்பால பிடிங்க, தேதி, இடம் எழுதுங்க, போட்டோ அனுப்புங்க. நீங்க அனுப்புற ஒவ்வொரு பூச்சியும் எந்த கவுண்டில, அதாவது மாவட்டத்துல, எது இருக்கு, எத்தனை பாசிட்டிவ்னு அவங்க கணக்குல சேருது, இந்தப் பக்கம் எல்லாம் அது கிடையாதுன்னு சொல்ற டாக்டர்கிட்ட காட்ட அந்தக் கணக்குதான் நமக்கு இருக்குற ஒரே கையிருப்பு.

போன வருஷம் முழுக்க டெக்ல ரெண்டு கிடைச்சுது, ரெண்டும் அனுப்பியாச்சு, வீட்டுக்குள்ள ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் இன்னும் ஒண்ணும் கண்ணுல படல. என் மனைவி ஃப்ரீசர் கதவுல பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு காலி டப்பாவை மூடி மேல பேனாவோட வச்சிருக்கா. கருப்பனுக்கு அடுத்த ஈசிஜி அக்டோபர்ல, எடுத்துட்டு வந்து இங்கயே எழுதுறேன்.